மூணு நாள் லீவில் சந்திரதால் ஏரி: முடியும்தான், ஆனால் போகாதீர்கள்!

வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம். சனிக்கிழமை மாலை டெல்லியில் வால்வோ பஸ். ஞாயிறு காலை மணாலி. குளித்து, சாப்பிட்டு, மால் ரோட்டில் ஒரு சுற்று. திங்கள் அதிகாலை டெம்போ டிராவலரில் ஏறினால் மாலைக்குள் சந்திரதால். ராத்திரி கூடாரம், நட்சத்திரம், போட்டோ. செவ்வாய் காலை ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கினால் புதன்கிழமை இரவு சென்னை. வியாழன் காலை ஆபீஸ். திங்கள், செவ்வாய், புதன். மொத்தம் மூணே நாள் லீவு!

எங்கள் நெடுங்காடு நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தத் திட்டம் வருஷா வருஷம் மே மாதம் தலைகாட்டும். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு திசையில் வேலை பார்க்கும் பத்துப் பதினைந்து பேர் இருக்கும் குழு அது. யாரோ ஒருவர் நீலநிற ஏரி வீடியோ ஒன்றைப் போடுவார். இன்னொருவர் "தலைக்கு இருபதாயிரம், எல்லாம் சேர்த்து" என்பார். "போலாமா மச்சி?" என்று ஆரம்பித்து அரை மணி நேரத்தில் தேதி குறித்துவிடுவார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பணம் இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது, ரோடு இருக்கிறது. பிறகென்ன பிரச்சினை? நாள் போதாது. அதுதான் பிரச்சினை.

ஊட்டி சொல்லித்தந்த தப்புக் கணக்கு

காரைக்கால் மாவட்டத்தில் மலை கிடையாது. நெடுங்காட்டில் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல், வாய்க்கால், தென்னை. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஊரில் பெரிய ஏற்றம் என்றால் அது ஆற்றுப் பாலம்தான்.

எங்களை மாதிரி ஆட்களுக்கு மலை என்றாலே ஊட்டி, கொடைக்கானல். மலை ஏரி என்றாலும் அவைதான். ஊட்டி ஏரி 1820-களில் ஜான் சல்லிவன் காலத்தில் வெட்டியது. கொடைக்கானல் ஏரி 1863-ல் வேர் லெவிஞ்ச் என்ற அதிகாரி கரை போட்டு உருவாக்கியது. ரெண்டுமே மனுஷன் செய்த ஏரிகள், ரெண்டுமே சுமார் 2,100 முதல் 2,250 மீட்டர் உயரத்தில் இருப்பவை. அங்கே போய் என்ன ஆனது நமக்கு? கொஞ்சம் குளிர், பஸ்ஸில் கொஞ்சம் வாந்தி. அவ்வளவுதான்.

பொதுவாக உயர மலை நோய் தலைகாட்டுவது 2,500 மீட்டருக்கு மேல். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். அதாவது, நம்ம உடம்பு உயரத்தை எப்படித் தாங்கும் என்று சோதித்துப் பார்க்கக்கூட தெற்கே ஒரு இடம் இல்லை. "நான் ஊட்டிக்கு நாலு தடவை போயிருக்கேன், ஒண்ணும் ஆகலை" என்பது சந்திரதாலுக்குச் செல்லாத சான்றிதழ்.

சந்திரதால் சுமார் 4,250 மீட்டரில் இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டம். ஊட்டி மேல் இன்னொரு ஊட்டியைத் தூக்கி வைத்தால் வரும் உயரம்.

ஏரி எப்படி அங்கே வந்தது?

பனியாறு என்பது உறைந்து நின்றுவிட்ட ஐஸ் இல்லை. மெதுவாக, மிக மெதுவாக நகரும் ஐஸ். நகரும்போது அடியில் இருக்கும் பாறையை உளி மாதிரி சுரண்டிக் குடைகிறது. சுரண்டிய கல்லையும் மண்ணையும் முன்னால் தள்ளிக்கொண்டே போய்க் குவிக்கிறது. காலப்போக்கில் பனியாறு பின்வாங்கும்போது, குடைந்த பள்ளமும் குவித்த கரையும் மிஞ்சும். அதில் உருகிய நீர் தேங்கினால் ஏரி. இமயமலையின் உயரமான ஏரிகள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

பல ஏரிகளில் அந்த நீலப்பச்சை நிறத்துக்குக் காரணமும் இந்தச் சுரண்டல்தான். பாறை மாவாக அரைபட்டு, தண்ணீரில் கரையாமல், அடியிலும் படியாமல் மிதக்கிறது. வெயில் அதில் பட்டுச் சிதறும்போது நமக்குத் தெரிவது அந்த நிறம். காவிரி மலையிலிருந்து வண்டலை அரைத்துக் கொண்டுவந்து நம்ம வயலில் போட்டதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். அங்கே அது நிறமாக நிற்கிறது, இங்கே நெல்லாக வருகிறது.

சந்திரதால் 2005-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். நம்ம கோடியக்கரை அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2002-ல், அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது. பூநாரை வரும் உப்பங்கழியும் பனிமலை ஏரியும் ஒரே பட்டியலில்! சந்திரதால் கரையிலேயே கூடாரம் போடக் கூடாது என்று தடை இருப்பதும் இதனால்தான். கூடார முகாம்கள் எல்லாம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. வண்டியும் கரைவரை போகாது, கடைசித் தூரம் நடைதான். அந்தக் கொஞ்ச தூர நடையில்தான் பல பேருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வரும்: என்ன இது, இப்படி மூச்சு வாங்குது?

ஆக்சிஜன் குறைகிறதா, அழுத்தம் குறைகிறதா?

மேலே ஆக்சிஜன் சதவீதம் குறைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. நெடுங்காட்டிலும் சந்திரதாலிலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 4,250 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்தக் கணக்குக்கே குறையும்.

இதைச் சமையல்காரர் இன்னும் எளிதாகச் சொல்வார். அங்கே தண்ணீர் 86 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு வேகாது. டெல்டாக்காரனுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை என்ன வேண்டும்?

கொரோனா காலத்தில் வாங்கிப்போட்ட ஆக்சிமீட்டர் உங்கள் வீட்டு அலமாரியில் எங்கேயாவது கிடக்கும். அப்போது 94-க்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சந்திரதாலுக்குப் புதிதாகப் போகும் ஆரோக்கியமான ஆளின் விரலில் அது 80-களில் காட்டும். அந்த உயரத்துக்கு அது எதிர்பார்க்கக்கூடிய எண்தான். உடம்பு இதற்குப் பழகும். மூச்சு வேகமாகும், சிறுநீரகம் ரத்தத்தின் ரசாயனச் சமநிலையைத் திருத்தும், நாளாக ஆக ரத்தச் சிவப்பணுக்கள் கூடும். உடம்பு ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக இதையெல்லாம் செய்துகொள்ளும். ஆனால் அதற்கு நாள் வேண்டும்.

எவ்வளவு நாள்? மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி இது: 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடு. பகலில் எவ்வளவு உயரம் தொட்டாய் என்பதைவிட ராத்திரி எங்கே தூங்குகிறாய் என்பதுதான் முக்கியம்.

இப்போது மேலே சொன்ன மூணு நாள் லீவுத் திட்டத்தை இதோடு ஒப்பிடுங்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர். மறுநாள் இரவு படுக்கை 4,200-க்கு மேல். 3,000 மீட்டரிலிருந்து சந்திரதால் உயரத்துக்கு வர விதிப்படி நடுவில் குறைந்தது மூன்று இரவுகள் வேண்டும். திட்டத்தில் இருப்பது பூஜ்யம்.

"நான் தினமும் ஜிம் போறேனே?"

நல்லது, தொடர்ந்து போங்கள். ஆனால் அது இங்கே உதவாது.

இதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு உதவியதே இந்திய ராணுவ வீரர்கள்தான். 1962 சீனப் போரையொட்டி சமவெளியில் இருந்த ஆயிரக்கணக்கான வீரர்கள் அவசர அவசரமாக இமயமலை முகப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். இளைஞர்கள், பயிற்சி பெற்ற உடம்பு. இருந்தும் பலர் சுருண்டு விழுந்தார்கள். இந்திய ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடன் பணியாற்றியவர்களும் அப்படிப் பாதிக்கப்பட்ட 1,925 வீரர்களைக் கவனித்து எழுதிய ஆய்வு 1969-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. உயர மலை நோய் பற்றி இன்றும் மேற்கோள் காட்டப்படும் அடிப்படை ஆய்வுகளில் அது ஒன்று.

சமவெளியிலிருந்து நேராக 4,000 மீட்டருக்கு மேல் போய்த் தூங்குபவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வரும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராத தவிப்பு. பெரும்பாலும் ஓய்வில் சரியாகிவிடும். சரியாகாமல் முற்றினால் ரெண்டு வழியில் போகும். ஒன்று மூளை வீக்கம்: ஆள் குழம்புவார், குடித்தவர் மாதிரி தள்ளாடுவார். குதிகாலை முன்விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் முடியாது. இன்னொன்று நுரையீரலில் நீர் கோர்ப்பது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், முற்றினால் இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும். ரெண்டுமே மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கக்கூடியவை. ரெண்டுக்கும் முதல் மருந்து ஒன்றுதான்: உடனே கீழே இறங்குவது.

கைக்குட்டையில் கற்பூரம் முடிந்து முகர்வது, பூண்டு சூப், மணாலி கடையில் விற்கும் கையடக்க ஆக்சிஜன் டப்பா, எல்லாம் பார்த்தாயிற்று. கற்பூரம் மூக்கை எரிக்கும், அவ்வளவுதான். அந்த டப்பாவில் இருக்கும் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்குத்தான் வரும். அசிட்டசோலமைடு மாத்திரை, டயமாக்ஸ் என்று நமக்குத் தெரிந்தது, நிஜமாகவே உதவும். உடம்பு பழகுவதை அது வேகப்படுத்தும். ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எல்லாம் இருப்பதால் டாக்டரைக் கேட்காமல் நண்பன் கொடுத்தான் என்று போடக் கூடாது. இன்னொன்று: கூடாரத்தில் உட்கார்ந்து "குளிருக்கு ரெண்டு ரவுண்டு" என்று ஆரம்பிப்பது. தூக்கத்தில் மூச்சை மேலும் மந்தமாக்கும் விஷயம் அது.

எங்கள் கூடாரத்தில் நடந்தது

நாங்கள் ஆறு பேர். மணாலியில் ஒரு இரவு, மறுநாள் நேராக ஏரி. கூட வந்த நண்பன் ஊரில் நீச்சலில் கெட்டிக்காரன், ஆறாம் வகுப்பிலேயே வாய்க்கால் மதகிலிருந்து குதித்தவன். மதியம் குன்றும் குழியுமான பாதையில் வரும்போதே அவனுக்குத் தலைவலி. சொல்லவில்லை. சாயங்காலம் ஏரிக்கரையில் எல்லோரோடும் சேர்ந்து போட்டோவில் சிரித்துக்கொண்டு நிற்கிறான், இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ராத்திரி சாப்பிடவில்லை. "பஸ் அலைச்சல்டா" என்றான். ஒரு மணிக்கு வாந்தி. மூன்று மணிக்கு எழுந்து வெளியே போனவன் கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினான்.

எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லை. முகாமில் இருந்த ஆள் டீ போட்டுக் கொடுத்து "காலையில் சரியாகிவிடும்" என்றார். காப்பாற்றியது எங்கள் டிரைவர். ஸ்பிதிக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவனை நாலு அடி நடக்கச் சொல்லிப் பார்த்தார். உடனே சாவியை எடுத்தார்.

இங்கே இடத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். சந்திரதாலிலிருந்து ஸ்பிதியின் தலைமை ஊரான காஜாவில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக, முதலில் 4,500 மீட்டரைத் தாண்டிய குன்சும் கணவாயில் ஏற வேண்டும். அதாவது மூச்சுவிட முடியாத ஆளை இன்னும் மேலே தூக்கிப் போக வேண்டும். மறுபக்கம் மணாலிப் பாதை இறங்கும். ஆனால் அது பாதை என்று பெயருக்குத்தான். ஓடைகள் குறுக்கே ஓடும், மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் அதிகம். இருட்டில் அந்த வழியில் மூன்றரை மணி நேரம் போய் சத்ரு என்ற இடத்தை (பெயர் அப்படித்தான்) அடைந்தபோது விடிந்திருந்தது. உயரம் 3,300 சொச்சம். அவன் கண் திறந்து "பசிக்குது" என்றான். இறங்கியதே மருந்து.

பிறகு கேட்டேன், ஏன்டா மதியமே சொல்லலை என்று. "என்னால உங்க எல்லாருக்கும் ட்ரிப் வேஸ்ட் ஆயிடும்ல?" என்றான். ஒரே ஒரு நாள்தான் ஏரிக்கு என்று திட்டம் போட்டால், அந்த ஒரு நாளைக் கெடுக்க எவனுக்கும் மனசு வராது. வலியை மறைக்க வைத்தது அவன் வீம்பு இல்லை, எங்கள் அட்டவணை.

சுரங்கம் வந்தது, நாள் குறைந்தது

2020 அக்டோபர் 3-ல் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. 9.02 கிலோமீட்டர். அதுவரை மணாலியிலிருந்து லாஹௌல் பக்கம் போக 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாயைத்தான் ஏறிக் கடக்க வேண்டும். நெரிசல், பனி, பெர்மிட், மணிக்கணக்கில் காத்திருப்பு. அந்தப் பக்கத்து மக்களுக்குச் சுரங்கம் ஒரு வரம். பனிக்காலத்தில் பிரசவ வலி வந்த பெண்ணை மணாலிக்குக் கொண்டுவர முடிகிறது. அதில் ரெண்டாவது பேச்சே கிடையாது.

ஆனால் சுற்றுலாக்காரனுக்கு அது வேறொன்றும் செய்தது. முன்பு பலர் வழியில் ஒரு ராத்திரி தங்கியே போனார்கள். தாமதம் எரிச்சலாக இருந்தாலும் உடம்புக்கு அது ஓய்வு. இப்போது அந்தத் தாமதம் இல்லை. விற்பவர்களும் "ஒரே நாளில்!" என்று அதையே பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். ரோடு வேகமாகிவிட்டது. நம்ம சிறுநீரகத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

யாத்ரீகருக்கு ஒரு விதி, டூரிஸ்ட்டுக்கு வேறு விதியா?

அமர்நாத் குகை சுமார் 3,880 மீட்டரில் இருக்கிறது. சந்திரதாலைவிடத் தாழ்வு. அங்கே போக வேண்டும் என்றால் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் 13 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் பதிவு கிடையாது. ஆறு வாரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கும் அனுமதி இல்லை. அரசு நடத்தும் கைலாஷ்-மானசரோவர் யாத்திரையில் இன்னும் கறார். டெல்லியில் மருத்துவப் பரிசோதனை, லிபுலேக் வழியில் போனால் மேலே போன பிறகு இன்னொரு பரிசோதனை. அதில் தேறாவிட்டால் பாதி வழியில் திருப்பி அனுப்புவார்கள், அழுதாலும் சரி.

அதே உயரத்துக்கு, அதைவிட வேகமாக, ஒரு டெம்போ டிராவலரில் போகிறவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அறுபத்தைந்து வயது அப்பாவையும் நாலு வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்க் கூடாரத்தில் படுக்க வைக்கலாம். சாமி கும்பிடப் போனால் சான்றிதழ், செல்ஃபி எடுக்கப் போனால் வேண்டாமா? உயரத்துக்குப் பக்தனும் தெரியாது, டூரிஸ்ட்டும் தெரியாது.

எல்லோருக்கும் சான்றிதழ் கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. அது இன்னொரு ஐநூறு ரூபாய் வியாபாரமாகிவிடும் என்று நமக்குத் தெரியாதா! கேட்பது ஒன்றுதான். 4,000 மீட்டருக்கு மேல் படுக்கை விற்கும் எவரும், அந்த ஆள் அதற்கு முந்தைய இரவுகளை எங்கே கழித்தார் என்று கேட்டே விற்க வேண்டும். லே நகருக்கு விமானத்தில் வந்து இறங்குபவர்களிடம் குறைந்தது 48 மணி நேரம் ஓய்வெடுங்கள் என்று அங்குள்ள நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மணாலி வழியாக மேலே போகும் வண்டிகளுக்கும் அப்படி ஒரு விதி, அறிவுரையாக இல்லாமல் விதியாகவே, வேண்டும். ஓட்டல் பில்லையும் டோல் ரசீதையும் பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயம்.

தொழில் படுத்துவிடும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் நாலு இரவு கூடத் தங்கினால் நாலு ஊருக்கு வருமானம். இப்போது பணம் மணாலியிலும் கூடாரத்திலும் மட்டும் நிற்கிறது.

வழி மூடிவிட்டால்?

உடம்பு ஒத்துழைத்தாலும் வானம் ஒத்துழைக்க வேண்டும். 2023 ஜூலையில் வட இந்தியா முழுவதும் கொட்டிய மழையின்போது சந்திரதாலில் பனி கொட்டியது. ஜூலை மாதத்தில்! இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கூடாரங்களில் நாள்கணக்கில் சிக்கினார்கள். உடல்நலம் குன்றிய சிலரை விமானப்படை ஹெலிகாப்டர் தூக்கிச் சென்றது. மற்றவர்களைக் குன்சும் பக்கம் பனியை வெட்டி வழி செய்து ஜூலை 13-ல் மீட்டார்கள். வியாழன் காலை ஆபீஸ் என்று போனவர்கள் அதில் எத்தனை பேரோ.

அதே வருஷம் அக்டோபர் 3 இரவு சிக்கிமில் நடந்தது இதைவிடப் பெரிது. தெற்கு லோனாக் என்ற பனியாற்று ஏரியின் கரையோரம் உறைந்து கிடந்த கல்மண் சரிவு ஏரிக்குள் விழுந்தது. சுமார் 1.47 கோடி கன மீட்டர். கிட்டத்தட்ட 20 மீட்டர் உயர அலை எழும்பிக் கரையை உடைத்தது. ஏறக்குறைய 5 கோடி கன மீட்டர் தண்ணீர் தீஸ்தா பள்ளத்தாக்கில் பாய்ந்து, சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோரைக் காணவில்லை. சுங்தாங் எங்கே இருக்கிறது தெரியுமா? சுற்றுலாப் பயணிகள் குருதோங்மார் ஏரிக்குப் போகும் வழியில்.

இஸ்ரோ 2024-ல் வெளியிட்ட செயற்கைக்கோள் கணக்கு இமயமலை ஆற்றுப் படுகைகளில் 10 ஹெக்டேரைவிடப் பெரிய 2,431 ஏரிகளைப் பார்த்தது. 1984-க்குப் பிறகு அதில் 676 குறிப்பிடத்தக்க அளவு விரிந்திருக்கின்றன. இந்தியாவுக்குள் இருப்பவை 130. பனியாறு உருகுகிறது, ஏரி பெருக்கிறது. எல்லா ஏரியும் உடையும் என்று பொருள் இல்லை. சுற்றுலாப் போகிற ஏரி ஒவ்வொன்றும் ஆபத்து என்றும் இல்லை. ஆனால் மலை வழி இரண்டு நாள் மூடுவது இனி அபூர்வம் இல்லை. திட்டத்தில் சும்மா இருக்க ரெண்டு நாள் வைக்காதவர்கள்தான் "எப்படியாவது போயிடலாம் பையா" என்று டிரைவரை நச்சரிப்பார்கள். மலையில் பல விபத்துகள் அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

நீச்சல் பற்றியும் ஒரு வார்த்தை. ஆற்றில் குளித்து வளர்ந்த நமக்குத் தண்ணீரைக் கண்டால் கால் நிற்காது. பனிமலை ஏரித் தண்ணீரில் குதித்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம்ம கட்டுப்பாட்டில் இருக்காது. தானாகவே வாயைத் திறந்து இழுக்கும், வாய் தண்ணீருக்குள் இருந்தாலும் இழுக்கும். பத்து நிமிடத்தில் கைகால் சொன்னதைக் கேட்காது. மதகில் குதித்த அனுபவம் அங்கே எடுபடாது.

அப்போ போகவே கூடாதா?

போக வேண்டும். நான் மறுபடியும் போனேன், மூன்று வருஷம் கழித்து. மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகள் எல்லாம் போன பிறகு அந்த ஏரி எப்படி நிறம் மாறும் என்று வீடியோவில் வராது. ராத்திரி பால்வீதி தலைக்கு மேல் கட்டுமரம் மாதிரி கிடக்கும். அதைப் பார்க்காதீர்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனசு இல்லை.

ஆனால் இரண்டாம் முறை வேறு வழி. சிம்லா, அடுத்து கின்னோரின் கல்பா (சுமார் 2,900 மீட்டர்), அங்கிருந்து தாபோ (சுமார் 3,300), பிறகு காஜா (3,600-க்கு மேல்), அங்கே இரண்டு இரவு. அதன்பின் குன்சும் ஏறி ஏரி. திரும்பும்போது மணாலி பக்கம் இறக்கம். டெல்லியிலிருந்து டெல்லிக்குப் பத்து நாள், கையில் ஒரு நாள் உபரி. அந்த உபரி நாள் செலவாகவில்லை. காஜாவில் ஒரு வீட்டுத் திண்ணை மாதிரி இடத்தில் வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நாள் அதுதான் என்றால் நண்பர்கள் நம்புவதில்லை. அதே நண்பன் கூட வந்தான். அவன் ஆக்சிமீட்டர் ஏரிக்கரையில் 89 காட்டியது. ராத்திரி ரெண்டு தட்டு சாப்பிட்டான்.

பத்து நாள் லீவு கிடைக்காது என்கிறீர்களா? கிடைக்காதுதான். நம்ம மேனேஜரிடம் பத்து நாள் கேட்பது 4,250 மீட்டர் ஏறுவதைவிடக் கஷ்டம். அப்படியானால் இந்த வருஷம் வேறு ஏரி. மண்டி மாவட்டத்தில் பராஷர் ஏரி இருக்கிறது, 2,730 மீட்டர், நடுவில் மிதக்கும் திட்டோடு. உத்தராகண்டில் தேவரியா தால், சுமார் 2,400 மீட்டர், தண்ணீரில் சௌகம்பா சிகரம் தலைகீழாகத் தெரியும். ரெண்டும் அந்த நீலநிறம் கிடையாது, இன்ஸ்டாவில் லைக் குறையலாம். நாலு நாளில் பத்திரமாகப் போய் வரலாம்.

காஜாவரை ஒழுங்காக ஏறியும் அங்கே நாள் பத்தவில்லை என்றால், ஏரியைப் பகலில் பார்த்துவிட்டு தாழ்வான இடத்துக்குத் திரும்பித் தூங்குங்கள். உயரே ஏறு, தாழ்வில் தூங்கு என்பது மலைக்காரர்கள் பழக்கம். பால்வீதி காஜாவிலும் தெரியும்.

டெல்டாவுக்கும் அந்த மலைக்கும் தொடர்பு புதிதில்லை. தலையாலேயே நடந்து கயிலை போனவர் என்று எங்கள் காரைக்கால் அம்மையாரைச் சொல்வார்கள். அதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. கயிலைக்குப் புறப்பட்ட அப்பர் கால் தேய்ந்து, உடம்பு ஓய்ந்து, வழியிலேயே விழுந்தார். வடக்கே ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றுக் குளத்தில் எழ வைத்தார் இறைவன் என்று பெரியபுராணம் சொல்கிறது. திருவையாற்றில் ஆடி அமாவாசைக்கு அதைத்தான் கொண்டாடுகிறார்கள். அப்பருக்குக் கிடைத்த அந்தக் குறுக்குவழி நமக்கு இல்லை. நாம் கடலூர் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும்.

இந்த மே மாதமும் குழுவில் அந்த வீடியோ வந்தது. "திங்கள், செவ்வாய், புதன் லீவு போடுங்கடா" என்று ஒருவன் எழுதியிருந்தான். பதிலுக்கு நான் போட்டது ஒரே வரி: "செப்டம்பர்ல பத்து நாள் யாரால முடியும்?" பதினான்கு பேரில் மூன்று பேர் கை தூக்கியிருக்கிறார்கள். நாலாவது ஆள் மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறானாம்.